பெரியபுராணத்திற் குருதி

பெரியபுராணத்தைக் குறைகூறப் புகுவார் பலர்க்கு முதற்கண் அகப்படுவது அந்நூலின்கண் வரும் குருதியேயாம். கண்ணை இடந்தார், முழங்கையைத் தேய்த்தார், மிடற்றை அரியப் புகுந்தார், மகவைக் கறியாக்கினார் என நிரல்பட எண்ணி, "இஃது அன்புநூலோ, கொலைக்களத்து வரலாறோ" என்று வினவுவர். மற்றொரு சாரார் இந்நூலைப் போற்றுவாரேயாயினும், நாயன்மார் குருதி சிந்தினமையானே உயர்ந்தார் என்றும், சிந்திய குருதியின் அளவே அன்பின் அளவு என்றும் கொண்டு, மேடைதோறும் அதனையே விரித்துக் கேட்போர் மெய்ந்நடுங்கச் செய்வர். முன்னவர் வெறுப்பும் பின்னவர் வியப்பும் ஒரு பிழையினின்றே தோன்றினவாம். இருசாராரும் குருதி சிந்தப்பட்டதென்னும் அவ்வளவினை நோக்கினரேயன்றி, அக்குருதியைக் கண்டார் யாவர் என்பதனை நோக்கிற்றிலர். சேக்கிழார் சுவாமிகளோ பின்னதனையே உட்கொண்டு பாடினார் என்பது யாம் ஈண்டுக் காட்டப்புகுவது.

இதனை விளக்குதற்கு, அக்காலத்தையே சார்ந்த மற்றொரு நூலை உடன்வைத்து நோக்குதல் வேண்டும். முதற்குலோத்துங்கன் காலத்திற் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற வெற்றியைச் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். பெரும்பான்மையோர் கொள்கைப்படி, இரண்டாங் குலோத்துங்கனாகிய அநபாயன் ஆண்ட காலத்திற், அஃதாவது 1133 முதல் 1150 வரையுள்ள யாண்டுகளுக்குள், சேக்கிழார் திருத்தொண்டர் புராணத்தை அருளினார். இரண்டற்கும் இடையே அரைநூற்றாண்டு செல்லவில்லை. இரண்டும் சோழர் அவையைச் சார்ந்தனவே. பரணியின்கண் வீரர் தந்தலையைத் தாமே அரிந்து காளிக்கு இடுகின்றனர்; போர் முடிந்தபின் பேய்கள் குருதியை உலைநீராக வார்த்துக் கூழட்டு உண்டு களிக்கின்றன. அது புலவர்தம் வெறும் புனைந்துரையன்று. தன் தலையைத் தானே அரிந்துகொள்ளும் வீரருருவம் பொறித்த நவகண்டக் கற்களும் அரிகண்டக் கற்களும் தமிழ்நாட்டிற் பலவிடத்தும் இன்றும் காணக்கிடக்கின்றன. குருதி தெய்வத்திற்கு உணவு. அதனைச் சிந்துவோனுக்கு அது புகழ். இதுவே அவ்வுலகத்தின் கொள்கை. சிந்துவோன் தன் குருதியைத் தானறிந்து சிந்துகின்றான், பிறரும் அதனைக் கண்டு வியத்தல் வேண்டும் என்பதற்காகவே கல்லிலும் பொறிக்கப்பெறுகின்றான்.

சேக்கிழார் இக்கொள்கையை அறியாதவரல்லர். திண்ணனார் முதல்வேட்டைக்குப் புறப்படுமுன் நாகன் தேவராட்டியை வருவித்துக் காடுறை தெய்வங்கட்குப் பலியூட்டுவிக்கின்றான். வேட்டை வாய்க்கவேண்டும், ஊறு நேராதிருத்தல் வேண்டும் என்பது அப்பலியின் கருத்து. கேட்பது ஒன்றுண்டு, ஆதலாற் கொடுப்பது ஒன்றுண்டு. இதனை மறைக்காது முதலிற் கூறிவிட்டே, அவ்வேட்டையின் முடிவிற் காளத்தி மலைமேல் நிகழ்ந்த வேறொன்றனைப் பாடுகின்றார். இரண்டனையும் ஒரு புராணத்துள்ளேயே வைத்தமை, கற்போர் ஒப்பிட்டுணர்தற் பொருட்டேயாம் என்பது எம் கருத்து.

ஆறாம் நாள் நிகழ்ச்சியைச் சொன்முறை பிறழாது நோக்குவாம். வேட்டையாடி மீளும் திண்ணனாருக்குப் புட்கள் தீநிமித்தம் காட்டுகின்றன. அந்நிமித்தம் குருதியைக் குறிப்பது என அவர் அறிகின்றார். வேட்டுவர்க்குக் குருதிநிமித்தம் என்றால் முதலில் நினைவிற்கு வரவேண்டுவது தம்முடம்பே. புலியும் பன்றியும் திரியும் காட்டில் தனித்து வருவார்க்கு வேறென்ன தோன்றும்? திண்ணனாருக்கோ, தம் அப்பனுக்கு யாது நேர்ந்ததோ என்னும் ஒன்றே தோன்றிற்று. இவ்வோரிடமே அப்புராணத்தின் திறவுகோலாம். பலரும் இதனை நிமித்தம் கூறும் வழக்கமான செய்யுளென விரைந்து கடந்து, கண்ணிடந்த செய்யுளுக்குத் தாவிச் செல்கின்றனர்.

விரைந்து வந்தவர் காண்பது பெருமானது வலக்கண்ணினின்று உதிரம் பாய்தலை. பலியுலகத்தில் மனிதன் குருதி தெய்வத்தின்முன் சொரியும். ஈண்டுத் தெய்வத்தின் குருதி மனிதன்முன் சொரிகின்றது. வாயிலிருந்த திருமஞ்சன நீர் சிந்துகின்றது. கையிலிருந்த ஊனும் வில்லும் வீழ்கின்றன. தலையிற் சூடிவந்த பூக்கள் சிதறுகின்றன. அவரும் நிலத்தில் வீழ்கின்றார். எழுந்து, ஊறுசெய்தாரைத் தேடுகின்றார். காணாது மீண்டு, காட்டுப் பச்சிலைகளைக் கொணர்ந்து பிழிகின்றார். நிற்கவில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்னும் வேடர் வழக்கு அப்பொழுது நினைவிற்கு வருகின்றது. தம் கண்ணை அம்பினால் இடந்து அப்புகின்றார். குருதி நின்றது. அது கண்டு குதித்தார், தோள்கொட்டினார், கூத்தாடினார்.

இங்கே சொன்ன 'குருதி' யாருடையது? பெருமானுடையது. திண்ணனார் கண்ணிருந்த இடத்தினின்று பாய்ந்த குருதி எங்கே? அதனைச் சேக்கிழார் ஒரு சொல்லானும் கூறிற்றிலர். வலியும் கூறிற்றிலர். கண்ணை இடந்த ஒருவன் முகத்திற் குருதி ஒழுகாதிராது. அதனைப் பாடுதற்குச் சேக்கிழாருக்குச் சொற்பஞ்சமும் இல்லை. குருதி, உதிரம், சோரி எனப் பலசொற்களையும் இடமறிந்து ஆள்பவர் அவர். ஆயினும் பாடிற்றிலர். ஏனெனின், அப்புராணத்தின் அப்பகுதி முழுதும் திண்ணனார் நோக்கின்வழி நடக்கின்றது. திண்ணனாரோ தம் குருதியைக் கண்டிலர். கண்டிலாத ஒன்றனைக் கவியும் காட்டிற்றிலர். படமெழுதுவோர் சிலர் திண்ணனார் முகம் முழுதும் செந்நிறம் தீட்டி, இலிங்கத்தின்கண் ஒரு துளியளவே காட்டுகின்றனர். அவர் கையிற் புராணம் தலைகீழாயிற்று என்றே சொல்லவேண்டும்.

'கண்ணப்பர் தியாகம்' என்னும் வழக்கும் இதனால் ஆராயத்தக்கதாகின்றது. தியாகம் செய்வோன் தான் இழப்பது இன்னதென்று அறிந்து இழப்பவன். திண்ணனார் இழந்ததாக எண்ணவேயில்லை; மருந்து கிடைத்ததென மகிழ்ந்தார். இடக்கண்ணிலும் குருதி தோன்றியபொழுது, மருந்து தம்மிடம் இன்னும் ஒன்று உளதென்னும் துணிவே அவர்பால் எழுந்தது. மணிவாசகப்பெருமான் கண்ணப்பர்பாற் கண்டு, தம்பால் இல்லையென இரங்கியது அன்பினையேயன்றிக் கண்ணிழந்த செயலையன்று என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி மூர்த்திநாயனார் புராணத்தை நோக்குக. மதுரையைக் கவர்ந்த கருநாடர்கோன் சந்தனக்காப்பிற்குத் தடைசெய்ய, கட்டை எங்கும் கிடைக்கப்பெறாத நாயனார், தம் முழங்கையையே வட்டப்பாறையில் வைத்துத் தேய்க்கின்றார். தோலும் நரம்பும் எலும்பும் தேய்வதனைச் சேக்கிழார் ஒளியாது கூறுகின்றார். இங்கே சோரியும் பெருகுகின்றது. கண்ணப்பர் புராணத்திற் கூறாது விடுத்த அடியார்குருதியை இங்கு ஏன் கூறினார் எனின், அச்செய்யுளின் முடிவே விடையாம். அக்குருதியைக் கண்டு பொறாதவர் எம்பிரான். கண்டவர் ஒருவர் உளராதலின் கவி காட்டுகின்றார். நாயனார் தாம் கண்டிலர்; அவர் உள்ளத்தில் இருந்தது சந்தனக்காப்பு முட்டுப்படலாகாது என்பதொன்றே. ஆண்டும் பெருமான் அதனைப் பலியாக ஏற்றாரல்லர். தடுத்தார், புண்ணை ஆற்றினார்.

ஒருவர் குருதியை மற்றவரே காண்கின்றார். பெருமான் குருதியை அடியார் காண்கின்றார்; அடியார் குருதியைப் பெருமான் காண்கின்றான். எவரும் தம் குருதியைத் தாம் காண்பதில்லை. திருவொற்றியூர்க் கலியநாயனார் வரலாற்றில் இது மேலும் நுண்ணிதாகின்றது. செக்காட்டும் மரபினராகிய அவர், பொருளெல்லாம் தொலைந்து, கூலிவேலையும் கிடையாது, எண்ணெய்க்கு ஈடாகத் தம் உதிரத்தையே அகலில் நிறைப்பக் கருதிக் கழுத்தை அரியத் தொடங்குகின்றார். ஒரு துளியும் வீழ்வதற்குமுன் பெருமான் அக்கையைப் பிடித்துக்கொள்கின்றான். கணமங்கலத்து அரிவாட்டாயர்க்கும் அவ்வாறே. குருதியை விரும்பும் தெய்வமாயின், அகல் நிறையும் வரையிற் காத்திருத்தல் எளிதன்றோ?

திருக்கோவலூர் மெய்ப்பொருள்நாயனாரிடத்து இறைவன் தடுத்தருளவில்லை, குத்துண்டு வீழ்கின்றார். அவ்விடத்துங் குருதி கூறப்படுகின்றது. ஆனால் அவர் கை செல்வது எங்கே என்பதனை நோக்கல் வேண்டும். குத்துண்டவன் கை இயல்பாகத் தன் புண்ணை நாடும். அவரது நீண்ட கையோ, முத்தநாதனை வெட்ட ஓங்கிய தத்தனை நாடுகின்றது. இவர் நம்மவர் என்று தடுக்கின்றது. பகைவன், வஞ்சகன், தம்மைக் கொன்றவன். அவனைத் தம்முறவாக எண்ணியது அவன் பூண்ட வேடத்தின் பொருட்டு. ஊரெல்லையைக் கடக்கும்வரை அவன்மேல் ஊறு நேராதபடி காத்துவிட்டேன் என்று தத்தன் வந்து கூறும்வரை உயிரைத் தாங்கியிருந்தார். உறவு என்பதனை உடம்பின் குருதியினின்று பிரித்தெடுத்து வேறொன்றன்மேல் வைத்த இடம் இது.

இங்கே தடைநிகழ்த்துவோர் உளர். கோட்புலிநாயனார் தம் சுற்றத்தாரையெல்லாம் வாளுக்கு இரையாக்கினாரே. பால்குடிக்கும் மகவையும் விட்டிலரே. அக்குருதியை யார் கண்டார்? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. நாட்டியத்தான்குடியில், வற்கடக் காலத்தில், பசியால் வாடிய சுற்றத்தார் திருவமுதிற்கு வைத்த நெல்லைக் குற்றியுண்டனர் என்பதே அவர்மேலுள்ள குற்றம். இதனை உரையாசிரியர் பலவாறு அமைதிகூறித் தணிக்க முயல்வர். திருக்கடவூர் உய்யவந்ததேவநாயனார் திருக்களிற்றுப்படியாரிற் சிவப்பணிகளை மெல்வினை வல்வினை என இருவகைப்படுத்தி, சிறுத்தொண்டர், சண்டேசர் முதலாயினார் செயல்களை வல்வினையின்பால் வைத்தமை அறிவோம். வல்வினை என்று பெயரிட்டமையே, அவை நாம் பின்பற்றுதற்கு வகுத்த நெறியல்ல என்பதற்குப் போதிய சான்று. கோட்புலியார் வரலாறு எம்முள்ளத்தைக் கண்ணப்பர் வரலாறுபோற் குளிர்விக்கவில்லை என்பதனை மறையாது கூறுகின்றோம். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. தம்குருதி என்று உலகம் சொல்லும் பற்றினை, அதன் கடைசி வேர்வரை, அறுத்துக் காட்டுகின்றது அக்கதை. தந்தையிடத்துச் சண்டேசர் செய்ததும் அதுவே. நாயன்மாருட் சிலர் தம்முடம்பின்கண் காணாது விட்ட 'எனது' என்பதனைக் கோட்புலியார் தம் சுற்றத்தின்கண் காணாது விட்டார். விட்ட வகை வேறு, விடப்பட்ட பொருள் ஒன்றே.

அந்த 'எனது' என்பதே சித்தாந்தத்தில் ஆராய்ச்சிக்குரியது. உலகாயதர், உடம்பின் வேறாக உயிர் ஒன்றில்லை, வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழிச் செந்நிறம் தோன்றுமாறுபோலப் பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பர். குருதியையே உயிரெனக் கொண்டாரும் உலகில் உளர். யவனநாட்டு எம்பிடோக்கிளீசு இதயத்தைச் சூழ்ந்த குருதியே எண்ணுகின்றதென்றார். எபிரேயர் வேதமும் ஊனின் உயிர் குருதியிலுள்ளது எனக் கூறும். மெய்கண்டதேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் இதனை மறுக்கும் வழி எளிமையும் ஆழமும் ஒருங்குடையது. என் மனை, என் மகன் என்பார் மனையும் மகனும் ஆகார். அதுபோல என் கை, என் கால், என் உடம்பு என்பாரும் அவற்றின் வேறாவர். என் குருதி என்பார்க்கும் அதுவே விடை. சொல்லுமிடத்தே சொல்வோன் வேறு, சொல்லப்படுபொருள் வேறு என்பது வெளிப்பட்டுவிடுகின்றது. தத்துவக்கட்டளைகளும் உதிரத்தைத் தாத்துவிகங்களுள் அப்புவின் கூறாக எண்ணி, முப்பத்தாறு தத்துவங்கட்கும் கீழ்ப்பட்ட வரிசையிலேயே வைத்தன. மாயையின் காரியத்திற் கடைப்பட்ட ஒன்றனைக் கொண்டு உயிரின் உயர்வு தாழ்வை அளத்தல், படியைக் கொண்டு பாட்டை அளத்தல் போலும்.

இவ்வளவையிற் சைவரே பலர் தவறுகின்றனர். எம் குருதி வேறு, அவர் குருதி வேறு. எம் மரபுக்குருதி தூயது. அதிற் பிறர் கலத்தலாகாது என்னும் பேச்சு, நீறணிந்த நெற்றியோர் வாயினின்றும் வருகின்றது. குணம் குருதியிற் குடியிருக்கின்றது என்னும் எண்ணம் இந்நாட்டிற்கே உரியதன்று. பாரிசு நகரில் 1667ஆம் ஆண்டில் தெனி என்னும் மருத்துவர், சித்தம் கலங்கிய ஒருவனுடம்பிற் கன்றின் குருதியைச் செலுத்தினார். கன்றின் சாந்தம் அவன்பாற் சேரும் என்பது கருத்து. அவன் பின்னர் இறந்தான், அம்முறையும் தடைப்பட்டது. குருதி உடம்பினுட் சுற்றிவருமாற்றினை ஆங்கிலநாட்டு ஆர்வே 1628இலேயே வெளியிட்டிருந்தும், அதனுட் குணம் குடியிருப்பதாகிய நம்பிக்கை அறிஞரையும் விட்டிலது.

அந்நம்பிக்கைக்கு இடமின்றாக்கியது வியன்னா நகரத்து இலாண்டுசுடைனர் 1901இல் வெளியிட்ட ஆராய்ச்சியாம். மக்கட்குருதி சில வகைகளாகப் பகுத்தற்குரியதென்றும், ஒவ்வாத வகை கலந்தாற் செவ்வணுக்கள் திரண்டு கட்டிப்படுமென்றும் அவர் கண்டார். இதன்பொருட்டு 1930இல் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது. அவ்வகைகள் குலத்தின்வழி எல்லைகட்டி நிற்பனவல்ல. ஏ, பி, ஓ என்னும் வகைகள் எல்லாக் குலத்தாரிடத்தும் விரவிக் கிடக்கின்றன. ஒருவயிற்றுப் பிறந்தார் இருவர் குருதி ஒவ்வாமற் போதலும், எங்கோ பிறந்தான் ஒருவன் குருதி ஒத்தலும் மருத்துவமனைகளில் நாடோறும் காணும் செய்தி. பம்பாய் வகை எனப் பெயர்பெற்ற அரியவகை ஒன்று 1952இற் கண்டறியப்பட்டது. அவ்வகையினர்க்கு அவ்வகையினர் குருதியன்றிப் பிறிதொன்றும் உதவாது. அது வேண்டியவழி, சுற்றத்திற் கிடைக்கப்பெறாது, முன்பின் அறியாதார் ஒருவரைத் தேடிக் காணவேண்டிவரும். குலக்குருதி பேசும் ஒருவர் குருதியிழந்து கட்டிலிற் கிடக்கும்பொழுது, தலைமேல் தொங்கும் பையினுள் யாருடைய குருதி என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் மருத்துவர் கூறார்.

மேலும், ஒருவனுடம்பில் ஓடும் குருதி ஏறக்குறைய ஐந்து லிட்டர். அதன் செவ்வணு ஒன்று வாழ்வது ஏறத்தாழ 120 நாள். சென்ற ஆடித்திங்களில் என் குருதி என்று ஒருவன் பெருமைகொண்ட செவ்வணுக்களுள் தைத்திங்களில் எஞ்சுவன இல்லையென்னலாம். இதுகொண்டு நம் முன்னோர் இவற்றையெல்லாம் முன்னமே அறிந்திருந்தனர் என்று முழங்குவார் கூட்டத்தில் யாம் சேர்வோமல்லேம். மெய்கண்டார் செவ்வணுவைக் கண்டவரல்லர், காணவேண்டியதும் இல்லை. உடம்பின் கூறுகள் மாறியும் நான் என்பது மாறாது நிற்றலை ஆராய்தற்கு நுண்ணோக்காடி வேண்டுவதன்று. அவர் நிறுவிய உண்மை அவர் அளவையினாலேயே நிற்கும். மருத்துவநூல் அதற்குச் சான்றுரைக்க வரவேண்டுவதில்லை, வந்தால் முரணுவதும் இல்லை என்னுமளவே யாம் கொள்வது.

இன்னொரு வழக்கமும் கண்டிக்கத்தக்கது. விரலைக் கீறிக்கொண்டு, தம் தலைவர்க்குக் குருதியால் மடலெழுதுவாரும் உருவம் தீட்டுவாரும் நம் நாட்டில் உளர். அதற்குக் கண்ணப்பரை மேற்கோள் காட்டுவாரும் உளர். மடலெழுதுவோன் தன் குருதியைத் தானே காண்கின்றான், மை போல அளந்து தொட்டு எழுதுகின்றான், பிறர் காண்டற்பொருட்டு நிழற்படமும் எடுப்பிக்கின்றான். அவனுக்கு முன்னோர் வேண்டின், பரணியிலும் அரிகண்டக் கற்களிலும் தேடிக்கொள்ளட்டும். காளத்தியில் அவனுக்கு உறவினர் இலர். அறியாத நோயாளி ஒருவர்க்காகக் கையை நீட்டிக் குருதி கொடுத்து, பெயரும் கேளாது எழுந்து செல்வாரை வேண்டுமாயிற் கண்ணப்பர் நெறியிற் சிறிது நின்றாராகக் கூறலாம். அவர் நினைவிலிருப்பது தம்குருதியன்று, மற்றொருவர் புண்.

கண்ணப்பர் புராணத்தில் மூன்றாமவர் ஒருவர் இருந்தார் என்பதனைச் சொல்லாது இக்கட்டுரையை முடித்தல் கூடாது. சிவகோசரியார் ஆகமம் வல்லவர். திருமுன்பு ஊன் கிடத்தலை நாடோறும் கண்டு நெஞ்சம் பதைத்து, அதனை அகற்றி, கழுவாய்க்குரிய தூய்மைச் செயல்களைச் செய்து, பொன்முகலியில் மூழ்கிவந்து மீளப் பூசைசெய்தவர். அவரை மூடராகக் காட்டிச் சிலர் நகைப்பர்; சேக்கிழார் அவ்வாறு செய்திலர்; அவர் வருத்தத்தையும் அன்பினின்று எழுந்ததாகவே காட்டினார். கனவிற் பெருமான் அருளியவாறு, ஆறாம்நாள் அவர் ஒளித்துநின்று காண்கின்றார். அத்துணை நாளும் ஊன் கிடந்த இடத்தில் அன்று குருதியே கிடந்தது: பெருமான் குருதியும், திண்ணனார் குருதியும், எது எவருடையதெனப் பிரித்தறியலாகாதபடி. விதிநூலின்படி அதனினும் பெரிய குற்றம் திருமுன்பில் நேர்தற்கில்லை. இறைவன் கை திண்ணனார் கையைப் பற்றியதனை அம்முனிவர் கண்டார் எனக் கூறும் சேக்கிழார், அதன்பின் மறைகள் முழங்கியதனையும் வானோர் பூமாரி பொழிந்ததனையும் கூறுகின்றார். அன்று சிவகோசரியார் அவ்விடத்தைக் கழுவினாரென அவர் கூறிற்றிலர்.